லினமரேஸில் இருக்கும் 'மர' எந்த மரம்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து உயிர்வேதியியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "மரச்சீனிக் கிழங்கில் லினமரேஸ் என்ற நொதி இருக்கிறது. பெயரிலேயே 'மர' என்று வருகிறது. மரச்சீனி, மரவள்ளி என்ற நம் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர் போனது என்று தோழி ஒருத்தி உறுதியாகச் சொல்கிறாள். வகுப்புக் கருத்தரங்கில் நான் இதைச் சொல்லலாமா?"

சொல்ல வேண்டாம், மகளே. அந்த 'மர' மரம் இல்லை. கசப்பு என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லின் நடுத்துண்டு அது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கைப்பு.

ஆனால் உங்கள் தோழியைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் எழுதிப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்தக் குமரி மாவட்டத்தில் பல வருடம் வேதியியல் கற்பித்தவன் நான். முதல் தடவை அந்தச் சொல்லைக் கரும்பலகையில் தமிழில் எழுதியபோது எனக்கும் கை ஒரு கணம் நின்றது. மரச்சீனி நட்டு, அவித்து, சாளைக் கறியோடு தின்று வளர்ந்த ஊரில் அந்த 'மர' கண்ணில் படாமல் போகாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒரு பெயரைப் பிரித்துப் பார்த்தால் நம் அடுக்களையில் நடக்கிற பல காரியங்களுக்கும் காரணம் புரியும்.

முதலில் வெட்டவேண்டிய இடம். நாம் லின, மர, ஏஸ் என்று வெட்டுகிறோம். சரியான வெட்டு லின், அமர், ஏஸ். பள்ளியில் புணர்ச்சி படித்தோமே, மெய்யின் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்ளும் என்று. இங்கேயும் 'ன்' மேல் 'அ' ஏறி 'ன' ஆகிவிட்டது. அகரம் ஒளிந்துகொண்டதால் மிச்சம் இருப்பது மரமாகத் தெரிகிறது.

'லின்' என்பது லினம். ஆளிச் செடிக்கு லத்தீனில் அதுதான் பெயர். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை கேட்டால் தருவார்களே, பழுப்பாக, பளபளவென்று, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, அதே செடி. அதன் தண்டு நாரில் நெய்வதால்தான் லினன் துணிக்கு அந்தப் பெயர். லின்னேயஸ் 1753-இல் அந்தச் செடிக்கு லினம் உசிடாடிசிமம் என்று பெயர் வைத்தார். மிக மிகப் பயனுள்ள லினம் என்று அர்த்தம்.

அப்படியானால் மரச்சீனியில் இந்த நொதி உடைக்கிற பொருளுக்கு ஆளியின் பெயர் எப்படி வந்தது? அந்தப் பொருள் முதலில் அகப்பட்டது ஆளியில். 1891-இல் பெல்ஜியத்தில் ஜோரிசென், ஹேர்ஸ் என்ற இருவர் ஆளிச் செடியிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உடைத்தால் அது ஹைட்ரஜன் சயனைடைக் கொடுத்தது. லினம் என்ற செடிப் பெயரோடு, கசப்பான என்று பொருள்படும் அமாரஸ் என்ற லத்தீன் சொல்லைச் சேர்த்து, வேதியியலார் வழக்கமாக ஒட்டும் 'இன்' என்ற வாலையும் வைத்து லினமரின் என்று பெயரிட்டார்கள். 'ஆளிக் கசப்பு' என்று தமிழில் சொல்லிவிடலாம். மரச்சீனி அப்போது அவர்கள் நினைவில்கூட இருந்திருக்காது.

இதற்கு இன்னொரு பெயரும் இருந்தது. 1903-இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற ஆங்கிலேய வேதியியலார் லைமா பீன்ஸில் ஒரு நச்சுப் பொருளைக் கண்டார்கள். நம் கடைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்பது அந்தச் செடியின் விதைதான். அதன் தாவரப் பெயர் ஃபாசியோலஸ் லுனாடஸ். லுனாடஸ் என்றால் பிறை வடிவம். அந்தப் பெயரைக் கொண்டு அவர்கள் தங்கள் பொருளுக்கு ஃபாசியோலுனாடின் என்று பெயர் வைத்தார்கள். 1906-இல் அதே பொருள் மரச்சீனியிலும் இருக்கிறது என்று காட்டினார்கள். அப்புறம்தான் இதுவும் ஆளியில் கிடைத்த லினமரினும் ஒன்றே என்று தெளிவானது. முன்னால் வைத்த பெயரே நிலைத்தது. பிறைப் பெயர் நிலைத்திருந்தால் உங்கள் தோழிக்கு இந்த ஐயம் வந்திருக்காது.

இன்னும் ஒன்று. மரச்சீனியில் லினமரினோடு கொஞ்சமாக வேறொரு நச்சுப் பொருளும் உண்டு. அதன் பெயர் லோடாஸ்ட்ராலின். லோடஸ் ஆஸ்ட்ராலிஸ் என்ற ஆஸ்திரேலியச் செடியிலிருந்து வந்த பெயர் அது. லோடஸ் என்றதும் தாமரை என்று எண்ண வேண்டாம். இது பயறு வகையில் ஒரு சிறு செடி. ஆஸ்ட்ராலிஸ் என்றால் தெற்குப் பக்கத்தது. ஆக மரச்சீனியில் இருக்கும் இரண்டு நஞ்சுக்கும் வேறு வேறு செடியின் பெயர். பொருள் எங்கே நிறைய இருக்கிறதோ, யார் அதைத் தினமும் தின்கிறார்களோ, அதைப் பார்த்து அறிவியல் பெயர் வைப்பதில்லை. எந்தச் செடியை ஆய்வகத்தில் முதலில் அரைத்தார்களோ அதன் பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. கருத்தரங்கில் உங்கள் தோழி சொன்னதற்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள். இது உண்மையும்கூட, இன்னும் சுவாரசியமும்கூட.

சரி, நடுத்துண்டுக்கு வருவோம். அமாரஸ், கசப்பு. மொழி வரலாறு படித்தவர்கள் இந்தச் சொல்லுக்கு உறவாக வடமொழியின் அம்ல என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். அம்ல என்றால் புளிப்பு. நாம் ஆய்வகத்தில் தினமும் சொல்லும் 'அமிலம்' அந்தச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்ததுதான். அதே வேரோடு சேர்த்துக் காட்டப்படும் இன்னொரு வடமொழிச் சொல் ஆம. அதற்கு வேகாதது, பச்சையானது என்று அர்த்தம். பச்சை, புளிப்பு, கசப்பு எல்லாம் ஒரே வேரில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பச்சை மரச்சீனியின் ருசி தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எங்கள் அம்மச்சி கிழங்கு பிடுங்கி வந்ததும் தொலியை உரித்து, நுனியில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைப்பார். கைத்தால் உடனே துப்பிவிட்டு, "இதுக்கு ரெண்டு தண்ணி" என்பார். அதாவது இரண்டு தடவை தண்ணீர் மாற்றி அவிக்க வேண்டும். லினமரின் என்ற பெயரை அவர் கேட்டதே கிடையாது. ஆனால் பெல்ஜியத்துக்காரர்கள் எந்த ருசியை வைத்துப் பெயர் சூட்டினார்களோ அதே ருசியை வைத்துத்தான் அவரும் முடிவெடுத்தார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நாக்கை மட்டும் நம்பிக் கிழங்கு பாதுகாப்பானது என்று தீர்மானிக்கக் கூடாது. கசப்புக்குக் காரணமான வேறு பொருள்களும் கிழங்கில் உண்டு. தொலியில் ஒரு மாதிரி, சதையில் ஒரு மாதிரி இருக்கும். கைக்கவில்லை என்றாலும் தண்ணீரை வடிப்பதை விடக் கூடாது.

இப்போது வால். நொதிகளின் பெயரில் எங்கே பார்த்தாலும் வருகிற இந்த 'ஏஸ்'.

இதற்குத் தனியாக ஒரு மொழியில் ஓர் அர்த்தமும் கிடையாது. வேறொரு சொல்லிலிருந்து அறுத்து எடுத்த துண்டு இது. 1833-இல் பிரான்சில் பாயென், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய பார்லியை ஊறவைத்த நீரில் சாராயத்தைச் சேர்த்தார்கள். வெள்ளையாக ஒன்று கீழே படிந்தது. அதைக் கொஞ்சம் எடுத்து மாவுப்பசையில் போட்டால் பசை நீர்த்துச் சர்க்கரையானது. மாவுமணியின் மேலுறையைப் பிரித்து உள்ளே இருப்பதை வெளியே விடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே பிரித்தல் என்று பொருள்படும் டயாஸ்டாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லை எடுத்து டயாஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் டியா என்றால் விலகி, ஸ்டாசிஸ் என்றால் நிற்றல். விலகி நிற்றல் என்று அந்தச் சொல்லைத் தமிழில் அப்படியே வைக்கலாம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் 'ஏஸ்' என்று முடிக்கவில்லை. 1836-இல் ஷ்வான் இரைப்பையில் கண்டதற்குப் பெப்சின் என்று பெயர் வைத்தார். செரிமானம் என்ற கிரேக்கச் சொல்தான் அதற்கு மூலம். கசப்பு வாதுமையில் இருக்கும் நஞ்சான அமிக்டலினை உடைப்பதற்கு 1837-இல் லீபிக்கும் வோலரும் வைத்த பெயர் எமல்சின். பாருங்கள், உடைபடும் பொருளும் 'இன்', உடைப்பதும் 'இன்'. பெயரைக் கேட்டால் எது வெட்டுகிறது, எது வெட்டுப்படுகிறது என்றே தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1890-களின் கடைசியில் எமீல் டூக்ளோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு யோசனை சொன்னார். முதலில் பெயர் பெற்ற டயாஸ்டேஸை மதித்து அதன் வாலை எல்லா நொதிக்கும் வைப்போம். முன்னால் அது எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ அதன் பெயரைப் போடுவோம். மால்டோஸை உடைப்பது மால்டேஸ், லாக்டோஸை உடைப்பது லாக்டேஸ், யூரியாவை உடைப்பது யூரியேஸ். அந்த வழியில் வந்ததுதான் லினமரினை உடைக்கும் லினமரேஸ். பெப்சின், டிரிப்சின் போன்ற பழையவை மட்டும் பழைய வாலோடு தங்கிவிட்டன.

ஆக வார்த்தை முழுவதையும் விரித்தால்: ஆளி, கசப்பு, அப்புறம் 'விலகி நிற்றல்' என்ற சொல்லின் கடைசித் துண்டு. ஸ்டாசிஸில் 'நில்' என்ற பொருளைத் தாங்கிய 'ஸ்டா'வில் பாதி உதிர்ந்துபோய், பொருளில்லாத ஓசை மட்டும் உலகம் முழுக்க நொதிக்கு அடையாளமாகிவிட்டது. சொற்கள் இப்படித்தான் பிழைக்கின்றன.

என்சைம் என்ற பொதுப்பெயரையும் சொல்லிவிடுகிறேன், அது நம் ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. ஜெர்மானியரான கியூன 1876-77 வாக்கில் உருவாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் என் என்றால் உள்ளே, சைமே என்றால் புளிக்கவைக்கும் ஈஸ்ட். ஈஸ்டுக்குள் இருப்பது என்று பொருள். அக்கானி இறக்குகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? மற்ற ஊர்களில் பதநீர் என்பதைத்தான் நாம் அக்கானி என்கிறோம். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் அதில் விழுந்து சர்க்கரையைச் சாராயமாக்கும். சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்டை வளரவிடாது. தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். ஒரே பனை, ஒரே பாளை. 1897-இல் பூக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறே சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது என்று காட்டினார். 1907-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். தமிழில் நொதி என்று நாம் எழுதுவதும் நொதித்தல், அதாவது புளித்து நுரைத்துப் பொங்குதல் என்பதிலிருந்துதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நொதியம் என்று வரும். கிரேக்கச் சொல்லைப் பெயர்க்காமல் அதே காட்சியை நம் மொழியில் பார்த்துப் பெயர் வைத்தார்கள். எவர் வைத்தாரோ, அருமையான வேலை.

இனி இந்த லினமரேஸ் கிழங்குக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். கிழங்கின் செல்லுக்குள்ளே நுண்குமிழி ஒன்றில் லினமரின் பத்திரமாக இருக்கிறது. லினமரேஸ் செல்லின் சுவரில் இருக்கிறது. கிழங்கு முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திக்காது. நறுக்கினாலோ, நசுக்கினாலோ, ஆடு கடித்தாலோ சுவர் உடைந்து இரண்டும் கலந்துவிடும். லினமரேஸ் லினமரினிலிருந்து குளுக்கோஸை வெட்டி எடுக்கும். மிச்சம் இருப்பது அசிட்டோன் சயனோஹைட்ரின். அது தானாகவோ வேறொரு நொதியாலோ உடைந்து அசிட்டோனையும் ஹைட்ரஜன் சயனைடையும் விடும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊர் வெயிலுக்கே ஆவியாகிவிடும்.

மாணவர்களுக்கு இதைக் காட்ட நான் செய்த ஒரு சோதனை உண்டு. பிக்ரிக் அமிலமும் சோடியம் கார்பனேட்டும் தோய்த்த, சயனைடு பட்டால் சிவக்கும் மஞ்சள் தாள்களை எடுத்துக்கொள்வோம். ஒரு குழாயில் பச்சைத் தொலியை நசுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தாளைக் கார்க்கில் தொங்கவிட்டு மூடுவோம். அரை மணியில் தாளின் ஓரம் ஆரஞ்சு நிறமாகும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால் செங்கல் நிறம். இரண்டாவது குழாயில், தொலியை முழுசாகவே கொதிநீரில் போட்டு எடுத்து அதன்பின் நசுக்கியது. இதில் தாள் மஞ்சளாகவே இருக்கும். மாணவர்கள் உடனே "விஷம் போயிருச்சு சார்" என்பார்கள். அப்போதுதான் மூன்றாவது குழாய். அதே கொதித்த தொலி, அதோடு முந்தின நாளே நசுக்கிச் சன்னலோரம் திறந்துவைத்து, தன் நஞ்சு எல்லாம் தீர்ந்துபோன பச்சைச் சாறு சில துளி. அந்தச் சாறு தனியாகத் தாளை மாற்றவில்லை என்று நான்காவது குழாயில் முன்பே பார்த்துவைத்திருப்போம். மூன்றாவது குழாயின் தாள் மெல்ல மெல்லச் சிவக்கும். வகுப்பு அமைதியாகிவிடும். கொதித்ததில் செத்தது நொதி. நஞ்சின் மூலப்பொருள் அங்கேயே இருந்திருக்கிறது. 'இன்' வேறு, 'ஏஸ்' வேறு என்பதை அந்த ஒரு தாள் கண்முன் காட்டிவிடும். டூக்ளோ ஏன் வாலை மாற்றச் சொன்னார் என்பது அன்றைக்குப் புரிந்தவர்கள் பிறகு மறக்கவே இல்லை.

அம்மச்சியின் பானைக்கு இப்போது திரும்பிப் பாருங்கள். கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்குவது, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுவது, வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடிப்பது. சின்னதாக நறுக்கினால் நொதியும் நஞ்சும் நிறைய இடத்தில் சந்திக்கும். பச்சைத் தண்ணீரில் ஏற்றினால், சூடு ஏறி ஏறி 75 டிகிரி வாக்கில் லினமரேஸ் கெடும்வரை அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வெளிவந்த சயனைடு ஆவியோடு போய்விடும். உடைபடாமல் மிஞ்சிய லினமரின் தண்ணீரில் கரைந்திருக்கும், வடித்தால் போய்விடும். பெரிய துண்டை நேரே கொதிநீரில் போட்டு, அதே நீரை வற்றவைத்தால் நொதி சீக்கிரமே செத்து, கசப்பு மட்டும் கிழங்கிலேயே தங்கிவிடும். காந்தாரி மிளகாயும் தேங்காயும் சேர்த்து மயக்கிய கிழங்கு வைக்கிறவர்கள்கூட முதலில் ஒரு தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறார்கள்.

இந்தப் பக்குவம் இங்கே ஒரே நாளில் வந்ததில்லை. போர்த்துக்கீசியர் வழியாகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் உலை கொதித்தது இந்தக் கிழங்கால்தான். சேலத்துப் பக்கம் மரவள்ளி என்றால் ஜவ்வரிசி ஆலைக்குப் போவது. நமக்கு அது சோறு. அதனால் நஞ்சு நீக்கும் பக்குவமும் நம்மிடம் கூடுதலாக இருக்கிறது. டாப்பியோக்கா என்ற சொல்லே பிரேசிலின் டூப்பி மொழியில் சாற்றைப் பிழிந்து எடுத்ததைக் குறிப்பது. அதாவது அந்தச் செடியை முதலில் வளர்த்தவர்கள், அதைத் தின்னத்தக்கதாக ஆக்கும் வேலையையே பெயரில் வைத்திருக்கிறார்கள். லினமரின் என்ற பெயரைவிட எனக்கு இந்தப் பெயர்மேல்தான் மரியாதை அதிகம்.

ஆட்டுக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது வீட்டு ஆடு கயிறு அறுத்துக்கொண்டு போய் மரச்சீனித் தோட்டத்தில் இளந்தழை தின்றுவிட்டது. கண்டுபிடித்து இழுத்து வருவதற்குள் மூச்சு வாங்கி, கால் உதறி, வாயில் நுரை தள்ளிச் சாய்ந்தது. தழையில் லினமரின் கிழங்குச் சதையைவிட அதிகம். மென்று நசுக்கும்போதே லினமரேஸ் வேலையைத் தொடங்கிவிடும். இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உடைக்கும். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்றை இன்று ஆடு வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குப் போட்டால் பிழைக்க வழி உண்டு.

ஏன் தயோசல்பேட்? அங்கே இன்னொரு நொதி, இன்னொரு பெயர்க் கதை. ஆட்டின் உடலிலும் நம் உடலிலும், குறிப்பாகக் கல்லீரலில், சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும் நொதி ஒன்று உண்டு. அதற்குக் கந்தகம் வேண்டும். அதைத்தான் ஊசி கொடுக்கிறது. அந்த நொதிக்கு 1933-இல் ஜெர்மனியில் கான்ராட் லாங் வைத்த பெயர் ரோடனீஸ். தயோசயனேட்டை ஜெர்மானியர் ரோடான் என்பார்கள். ரோடோன் என்றால் கிரேக்கத்தில் ரோசாப்பூ. நீலகிரியில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் ரோடோடென்ட்ரானிலும் இதே ரோசாதான். தயோசயனேட்டில் இரும்பு உப்பை விட்டால் ரத்தச் சிவப்பு வரும், அதனால் அந்தப் பெயர். சயனைடு என்ற பெயரோ கரு நீலம் என்று பொருள்படும் கியானோஸிலிருந்து. பிரஷ்ய நீலம் என்ற சாயத்திலிருந்து 1782-இல் ஷீலே அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1815-இல் கே-லுசாக் சயனோஜன் என்று பெயரிட்டார். லினமரேஸ் வெளியே விடுவது நீலத்தின் பெயர் கொண்ட நஞ்சு. ரோடனீஸ் அதை ரோசாவின் பெயர் கொண்ட பொருளாக மாற்றுகிறது. கவனியுங்கள், இதன் வால் 'ஏஸ்' இல்லை, 'ஈஸ்'. லாங் அப்படித்தான் எழுதினார். கருத்தரங்கில் இதைத் திருத்தி எழுதிவிடாதீர்கள்.

மரச்சீனிக்கு மீன் கறி என்ற நம் ஊர்ச் சேர்க்கையும் இங்கே வந்து நிற்கிறது. சாளையிலும் நெத்தோலியிலும் இருக்கும் புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் உண்டு. ரோடனீஸுக்கு வேண்டிய கந்தகம் அங்கிருந்து வருகிறது. சரியாகப் பக்குவம் செய்யாத கசப்புக் கிழங்கையே நாள்கணக்காகத் தின்று, மீனோ பருப்போ கிடைக்காமல்போன ஆப்பிரிக்கப் பகுதிகளில் கால்கள் திடீரென விறைத்துப்போகும் நோய் வந்தது. அதற்குக் கோன்சோ என்று பெயர். காங்கோவின் யாக்கா மொழியில் கட்டப்பட்ட கால்கள் என்று பொருள். அந்தப் பெயர் மட்டும் ஆய்வகத்திலிருந்து வரவில்லை, அனுபவித்தவர்களிடமிருந்தே வந்தது.

நம் மொழிச் சொல் ஒட்டிய நொதிப் பெயர் ஒன்றுகூட இல்லையா என்று உங்களுக்கு மனசு கேட்கும். எனக்கும் கேட்டது. இருக்கிறது. பச்சோலி என்ற வாசனைச் செடியின் பெயர் பச்சுளி என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. அந்தச் செடியின் எண்ணெயில் இருக்கும் முக்கியமான பொருள் பச்சுலால். அதை உண்டாக்கும் நொதி பச்சுலால் சிந்தேஸ். உங்கள் தோழியிடம் சொல்லுங்கள், அவள் தேடியது லினமரேஸில் இல்லை, இங்கே இருக்கிறது.

எழுதும்போது ஒரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956-இல், நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம், நொதிகளுக்கு ஒழுங்கான பெயர் வைக்க ஒரு சர்வதேசக் குழுவை அமைத்தார்கள். அதன் முறைப்படி லினமரேஸ் 3.2.1.21, அதாவது பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற பெரிய குடும்பத்துக்குள் வந்துவிட்டது. முதல் 3 என்பது நீரைச் சேர்த்து உடைப்பது என்பதற்கு. ரோடனீஸின் எண் 2.8.1.1, அதன் முதல் 2, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொடுப்பதற்கு.

சோதனையைக் கருத்தரங்கில் செய்துகாட்ட ஆசைப்படுவீர்கள், செய்யுங்கள். ஆனால் காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். ஆய்வகப் பொறுப்பாளர் கரைத்துத் தருகிற கரைசலை மட்டும் எடுங்கள், தாளை ஈரமாகவே பயன்படுத்துங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள். தொலி அன்று பிடுங்கிய கிழங்கிலிருந்து இருக்கட்டும்.